ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்: மீன்பிடி ஸ்கில்லை 99 வரை ஏற்றிய அனுபவம்

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டில் மீன்பிடி ஸ்கில்லை (திறனை) வேகமாக ஏற்ற என்ன வழி என்று கேட்டால், எல்லோரும் ஒரு பட்டியலை நீட்டுவார்கள். எந்த லெவலில் எந்த மீன், மணிக்கு எத்தனை எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) என்று அதில் இருக்கும். நல்ல பட்டியல்கள்தான். ஆனால் பல வருடங்களாக ஆடி, இந்த ஸ்கில்லில் உச்ச லெவலான 99-ஐத் தொட்ட பிறகு நான் பார்ப்பது வேறு: திரையை உற்றுப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார முடியும்? அதை வைத்து வழியைத் தேர்ந்தெடுத்தவர்கள்தான் கடைசிவரை போகிறார்கள்.

முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். 99-க்கு மொத்தம் 1,30,34,431 எக்ஸ்பி வேண்டும். அதில் சரிபாதி முடிவது 92-ஆம் லெவலில்தான். ஏறத்தாழ ஏழு லெவலுக்கு ஒருமுறை தேவை இரட்டிப்பாகிறது. அதனால் ஆரம்ப லெவல்களில் நிமிடங்களை மிச்சம் பிடிக்க மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 70-க்கு மேல் எங்கே உட்காரப் போகிறோம் என்பதுதான் உண்மையான கேள்வி.

கட்டண மெம்பர்ஷிப் இருந்தால் 'சீ ஸ்லக்' என்ற க்வெஸ்டை (கதைப் பணியை) முடித்துவிடுங்கள். தீ மூட்டும் ஸ்கில்லான ஃபயர்மேக்கிங் 30 இருந்தால் போதும், பரிசாக 7,175 மீன்பிடி எக்ஸ்பி கிடைக்கும். லெவல் 1-இலிருந்து நேராக 24. இறால் வலையைத் தொடவே தேவையில்லை.

அங்கிருந்து பார்பேரியன் வில்லேஜ் ஆற்றங்கரை. ஃப்ளை ஃபிஷிங் ராட் என்ற தூண்டில், நிறைய இறகு, இவை போதும். இலவசமாக ஆடுபவர்களுக்கும் இந்த இடம் உண்டு. புதியவர்கள் பலர் 40 வந்ததும் கரம்ஜாவுக்குப் படகேறி லாப்ஸ்டர் பிடிக்கப் போகிறார்கள். ஒரு லாப்ஸ்டருக்கு 90 எக்ஸ்பி, ட்ரௌட்டுக்கு 50, சால்மனுக்கு 70. எண்ணைப் பார்த்தால் லாப்ஸ்டர்தான் லாபம் மாதிரி தோன்றும். ஆனால் லாப்ஸ்டர் கூண்டில் விழுவதற்குள் ஆற்றங்கரையில் மீன் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஒரு மீனுக்கு எத்தனை எக்ஸ்பி என்பதைவிட மீன் எவ்வளவு அடிக்கடி மாட்டுகிறது என்பதுதான் முக்கியம். இன்வென்டரியின் (பையின்) 28 இடமும் நிறைந்ததும் அத்தனையையும் அங்கேயே கீழே போட்டுவிட்டு மறுபடி க்ளிக் செய்யுங்கள். செட்டிங்கில் ஷிஃப்ட்-க்ளிக் டிராப்பை ஆன் செய்து வைத்தால் சில நொடிகளில் பை காலி. பிடித்த மீனைக் கீழே போட மனசு வராதவர்கள் உண்டு, எனக்குப் புரிகிறது. பணம் வேண்டுமா, லெவல் வேண்டுமா என்று அந்த இடத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டையும் சேர்த்து இழுத்தால் இரண்டுமே மெதுவாகும்.

சரி, 58 வந்துவிட்டது. அதற்குப் பிறகு என் வாக்கு ஆட்டோ (Otto) என்ற கதாபாத்திரத்தின் குகைக்குத்தான். பேக்ஸ்டோரியன் அருவிக்குத் தெற்கே இருக்கிறது. ஆட்டோவிடம் பேசிவிட்டு அவர் கட்டிலைத் தேடினால் பார்பேரியன் ராட் என்ற தூண்டில் கிடைக்கும். 48-லேயே லீப்பிங் ட்ரௌட் பிடிக்கலாம், 58-ல் சால்மன், 70-ல் ஸ்டர்ஜன். ஸ்ட்ரெங்த் (பலம்), அஜிலிட்டி (சுறுசுறுப்பு) என்ற வேறு இரண்டு ஸ்கில்லும் முதலில் 15, ஸ்டர்ஜனுக்கு 45 இருக்க வேண்டும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்ததே இந்த இரண்டு ஸ்கில்லும்தான். ஒவ்வொரு மீனுக்கும் அவற்றிலும் கொஞ்சம் எக்ஸ்பி விழுகிறது; ஸ்டர்ஜனுக்கு 7 வீதம். பார்க்கச் சில்லறைதான். ஆனால் 58-இலிருந்து 99 வரை இங்கேயே இருந்தால் அஜிலிட்டி தானாகவே 70-ஐத் தாண்டிவிடும். அஜிலிட்டியை ஏற்றக் கூரை கூரையாக ஓடி அலுத்துப்போனவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதே இடத்தில் இன்னும் வேகமாகப் போக 'த்ரீ-டிக்' என்று ஒரு முறை உண்டு. டிக் என்பது விளையாட்டின் நேர அலகு; ஒரு டிக் 0.6 நொடி. மீன் மாட்டுகிறதா என்று விளையாட்டு சாதாரணமாக ஐந்து டிக்குக்கு ஒருமுறை பார்க்கும், அதாவது 3 நொடி. குவாம் என்ற மூலிகை இலையையும் சதுப்புத் தாரையும் கலக்கத் தொடங்கி, உடனே மீன் இடத்தைக் க்ளிக் செய்தால் அது மூன்று டிக்காக, 1.8 நொடியாகச் சுருங்கும். கூடவே, வந்த மீனையும் அதே தாளத்தில் கீழே போட வேண்டும். பட்டியல்களில் உச்சியில் இருப்பது இந்த முறைதான். கை பழகிவிட்டால் தாளம் போடுவது மாதிரி சுகமாகவே இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மணிக்கட்டு வலிக்கும், கண் எரியும், வீட்டில் யாராவது கூப்பிட்டால் தாளம் அறுந்துவிடும். வாரத்தில் கொஞ்ச நேரம் மட்டும் ஆடி, அந்த நேரம் முழுக்கக் கவனம் வைக்க முடிந்தவர்களுக்கு இது சரி. வேலைக்கு நடுவே பக்கத்தில் ஓடவிடுபவர்களுக்குச் சாதாரண முறையே போதும்.

அலுப்புத் தட்டும்போது டெம்பொராஸ் போங்கள். 35 லெவலில் திறக்கும். குழுவாக ஹார்பூன்ஃபிஷ் பிடித்து, சமைத்து, பீரங்கியில் ஏற்றும் ஆட்டம். சமைக்காமலும் ஏற்றலாம், சமைத்ததற்குப் புள்ளி அதிகம். அலை வரும்போது பாய்மரத்தில் கயிற்றைக் கட்டிக்கொள்ள மறக்காதீர்கள், விட்டால் மீன் பறிபோகும். லெவல் ஏற ஏற எக்ஸ்பியும் ஏறும் என்பதால் 35-லேயே அவசரப்பட வேண்டியதில்லை.

பணம் சேர்க்க நினைப்பவர்கள் 82 வரை பொறுத்திருங்கள். அப்போதுதான் ஆங்கிலர்ஃபிஷ், மினோ என்ற இரண்டு மீன்களும் திறக்கும். மினோவுக்கு ஆங்கிலர் உடை முழு செட்டும் கட்டாயம், அதற்கு ஃபிஷிங் ட்ராலர் என்ற மினிகேமை ஆட வேண்டும். செட் முழுதாக இருந்தால் எக்ஸ்பியும் 2.5% கூடும் என்பதால் அந்த நேரம் வீணில்லை. 40 மினோவைக் கொடுத்தால் சமைக்காத சுறா ஒன்று கிடைக்கும். சுறாவை நேராக 76-லேயே பிடிக்கலாம்தான், ஆனால் அது வரும் வேகத்துக்கு எக்ஸ்பி கட்டுப்படியாகாது. படம் பார்த்துக்கொண்டே எப்போதாவது ஒரு க்ளிக் போதும் என்பவர்களுக்கு மட்டும் அது பொருந்தும்.