பயோ என்சைம்: சேம்பருக்குச் சரி, லாரியை நிறுத்தாது

முறுக்கு, தட்டை, அதிரசம் எல்லாம் வீட்டிலேயே ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். மடிப்பாக்கத்தில் தனி வீடு, செப்டிக் டேங்க். தீபாவளி சீசனில் சிங்க் தண்ணீர் விழும் சேம்பரைத் திறந்தால் எண்ணெய்ப் பிசுக்கு வெள்ளையாகப் பாளம் கட்டி நிற்கும், அதற்கு மேல் பருக்கையும் கறிவேப்பிலையும். கம்பி விட்டுக் குத்துவோம், முடியாவிட்டால் ஆசிட்.

இந்த முறை வேளச்சேரியில் ஒரு ஆர்கானிக் கடையில் பயோ என்சைம், அதாவது பிசுக்கை உடைக்கும் நொதித் திரவம், வாங்கினேன். லிட்டர் 280 ரூபாய். பழுப்பு நிறம், புளித்த நாரத்தைத் தோல் வாடை. ராத்திரி பாத்திரமெல்லாம் துலக்கி முடித்த பிறகு அரை டம்ளர் ஊற்றிவிட வேண்டும். அப்போதுதான் விடியும்வரை தண்ணீர் அடித்துக்கொண்டு போகாமல் ஊறும். இதில் இருக்கும் லிப்பேஸ் என்ற என்சைம் கொழுப்பை உடைக்கிறது, அமைலேஸ் என்ற இன்னொன்று கஞ்சி, மாவையெல்லாம் பார்த்துக்கொள்கிறது. உடைந்ததைத் தின்று தீர்க்கப் பாக்டீரியா வேண்டும். ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் அதைக் கொன்றுவிடும் என்பதால் இரண்டையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். வேலைக்கு வரும் அக்காவுக்குத்தான் மனசே இல்லை, நுரை வராததெல்லாம் அவருக்கு மருந்தே கிடையாது.

பாளம் இளகிக் கூழாகிவிட்டது, நாற்றமும் பெருமளவு போயிற்று. ஆனால் இளகிய எண்ணெய் அடுத்த குழாயில் போய் மறுபடி உறையலாம், அதனால் கரண்டியால் வழித்து எடுப்பதை விடவில்லை. வாணலியைப் பழைய பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவினால் மருந்தும் பாதிதான் செலவாகிறது.

குளியல் தண்ணீர் ஜல்லி, மணல் போட்ட குழி வழியாகக் கல்வாழைக்கும் வாழைக்கும் போகிறது. அங்கேயும் கொஞ்சம் விடுகிறேன், குழி வாடை குறைந்திருக்கிறது. சலவைத்தூளில் இருக்கும் உப்பை எந்த என்சைமும் எடுக்காது, மண்ணிலேயே தங்கிவிடும். வாஷிங் மெஷின் தண்ணீரை அந்தப் பக்கமே விடுவதில்லை.

'இனிமே செப்டிக் டேங்க் லாரியே கூப்பிட வேணாம் மேடம்' என்றார் கடைக்காரர். சுத்தப் புளுகு. மணல், முடி, செரிக்காத கசடு எல்லாம் அடியில் தங்கத்தான் செய்யும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வந்து உறிஞ்சியே ஆக வேண்டும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் டேங்க்குக்குள் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம்.

ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் 3 பங்கு, வெல்லம் 1, தண்ணீர் 10 என்று மூன்று மாதம் ஊறவைத்து வீட்டிலும் செய்யலாம். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை வெளியேற்றாவிட்டால் பாட்டில் வெடிக்கும். அது புளிப்பு அதிகம், தரை துடைக்க ஏற்றது.

கடையில் வாங்கினால் தேதி பாருங்கள். வெயிலில் வாசலில் அடுக்கியிருக்கும் கேன் வேண்டாம், உள்ளே இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.