‘கன்ஃபார்ம்ஸ்: ட்ரூ’ என்று அறிக்கை வந்ததும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

பழைய நூல் பட்டியலையோ ஆவணப் பட்டியலையோ ஆர்டிஎஃப் தரவாக (எதையும் இணைய முகவரியால் குறித்து, ஒன்றோடொன்று இணைத்து எழுதும் வடிவம்) மாற்ற வெளியாட்களிடம் வேலை கொடுக்க இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். எங்கள் நூலகப் பட்டியலை மாற்றித் தர ஒரு நிறுவனத்திடம் ஒப்பந்தம் போட்டோம். பெயர் வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.

ஷேக்கிள் விதிகளில் தரவு தேறிய அறிக்கை வந்தால்தான் கடைசித் தவணை என்று பேச்சு. ஷேக்கிள் என்பது 2017-ல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வந்த மொழி. நூல் என்றால் தலைப்பு இருக்க வேண்டும், ஆசிரியர் இடத்தில் ஒரு நபர் வர வேண்டும், தேதி ஒழுங்கான தேதியாக இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதிவைத்துத் தரவைச் சோதிக்கலாம். அறிக்கை வந்தது. ‘கன்ஃபார்ம்ஸ்: ட்ரூ’. அதாவது தரவு விதிகளுக்கு ஒத்துப்போகிறது, ஒரு பிழைகூட இல்லை. பணத்தைக் கொடுத்தோம்.

தேடல் பக்கத்தில் ஏற்றிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஒரு நூல் 1962 பிப்ரவரி 30 அன்று வெளியானதாக இருந்தது. தலைப்பே இல்லாத நூல்கள் வந்தன. பல நூல்களுக்கு ஆசிரியராகப் பதிப்பகம் உட்கார்ந்திருந்தது. கேட்டால், “அறிக்கையில் ட்ரூ என்றுதானே சார் இருக்கிறது? திருத்தம் வேண்டுமென்றால் தனிக் கட்டணம்” என்றார்கள்.

சோதனையை ஓட்ட அவர்கள் கொடுத்த ஸ்கிரிப்டைப் பிரித்துப் பார்த்தோம். விதிக் கோப்பில் ஸ்கீமா.ஆர்க் (நூல், நபர் போன்ற வகைகளுக்குப் பொதுப் பெயர்கள் தரும் தளம்) முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கியது, தரவில் வெறும் எச்டிடிபி. ஆர்டிஎஃப்-க்கு முகவரியில் ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு பொருள். ஆக, நூலுக்கான விதி தரவில் ஒரு நூலைக்கூடத் தொடவில்லை. சோதிக்க எதுவும் அகப்படாவிட்டால் பிழையும் இல்லை, எனவே ‘ட்ரூ’. ஷேக்கிள் அப்படித்தான் வேலை செய்யும். அதில் குறை இல்லை. வினாத்தாளே கொடுக்காமல் நூற்றுக்கு நூறு போட்டுக் கொடுத்தவர்கள் இவர்கள்தான்.

இதைக் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். ஆனால் நபர்களுக்கான விதியில் ‘டீஆக்டிவேட்டட் ட்ரூ’ என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி இருந்தால் அந்த விதியே ஓடாது. யாரோ கையால் தட்டினால்தான் அது வரும். ஷேக்கிள் சோதனையை ஓட்டும் பைஷேக்கிள் கருவி, தரவு தேறாவிட்டால் 1 என்ற வெளியேறு எண்ணைத் தரும். அதைப் பார்த்து மற்ற வேலைகள் நிற்க வேண்டும். இவர்கள் கட்டளையின் வாலில் ‘ஆர் ட்ரூ’ சேர்த்து, தோற்றாலும் மேலே போகும்படி செய்திருந்தார்கள். தெரிந்தே செய்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முகவரியைத் திருத்தி ஓட்டியதும் தேதிப் பிழையும் தலைப்புப் பிழையும் கொட்டின. ஆசிரியர் இடத்துப் பதிப்பகங்கள் மட்டும் அப்போதும் மாட்டவில்லை. “ஆன்டாலஜியில் ரேஞ்ச் போட்டிருக்கிறோமே, தப்பு வராது” என்று அவர்கள் பெருமையாகச் சொன்ன அதே வரிதான் காரணம். ஆன்டாலஜி என்பது தரவில் என்னென்ன வகைகள், பண்புகள் உண்டு என்று வரையறுக்கும் கோப்பு; ஒரு பண்பின் இடத்தில் வருவது எந்த வகை என்று அதில் சொல்லும் வரிதான் ரேஞ்ச். அது எதையும் தடுக்காது, ஊகிக்க மட்டுமே செய்யும். ஆசிரியர் என்ற பண்பின் ரேஞ்ச் நபர் என்று இருந்தால், அங்கே பதிப்பகத்தை வைத்தவுடன் அந்தப் பதிப்பகமும் ஒரு நபர்தான் என்று முடிவுகட்டிவிடும். இவர்கள் ஆன்டாலஜியைத் தரவோடு கலந்து, இப்படி முடிவுகட்டும் ஆர்டிஎஃப்எஸ் ஊகத்தையும் போட்டு, அதற்குப் பிறகே சோதனையை ஓட்டியிருந்தார்கள். ஊகத்தை நிறுத்தி ஓட்டியதும் பதிப்பகங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

எனவே அறிக்கையை மட்டும் வாங்காதீர்கள். விதிக் கோப்பு, ஸ்கிரிப்ட், ஓட்டிய கட்டளை மூன்றையும் கேளுங்கள். ஒவ்வொரு விதியும் எத்தனை பதிவுகளைத் தொட்டது என்ற எண்ணிக்கையை ஆர்டிஎஃப் தரவில் தேடுவதற்கான ஸ்பார்க்கிள் மொழியில் ஒரு கேள்வி போட்டு நீங்களே எடுங்கள். சுழியம் வந்தால் அங்கேயே பிடித்துவிடலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், தலைப்பில்லாத நூல் ஒன்று, பிப்ரவரி 30 தேதி ஒன்று என்று தெரிந்தே கெட்ட பதிவுகளைத் தரவுக்குள் போட்டு உங்கள் கண்முன்னே ஓட்டச் சொல்லுங்கள். அதற்கும் ‘ட்ரூ’ வந்தால் தவணையை நிறுத்துங்கள்.

இந்தச் சோதனையை ஒப்பந்தத்திலேயே எழுதிய பிறகுதான் மிச்ச வேலையை வேறு ஆளிடம் கொடுத்திருக்கிறோம். பழைய நிறுவனத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறோம், இதுவரை பதில் இல்லை.