பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை: அம்மா, வீட்டுக்காரர், பையன், மூன்று பேர் பல்லோடு ஒரு வருஷம்

சென்னையைச் சுற்றி பத்துக்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மருத்துவமனை உண்டு, யார் வேண்டுமானாலும் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டலாம். இது நிறைய பேருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் "படிக்கிற பசங்க கையில யார் வாயைக் கொடுக்கறது" என்று விட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். போன ஆடியிலிருந்து இந்த ஆடி வரை எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு அங்கேதான் வைத்தியம் பார்த்தோம், அதனால் இப்போது தைரியமாக எழுதுகிறேன். கல்லூரியின் பெயரைப் போடவில்லை. வேலை நடக்கும் முறை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான், உங்கள் வீட்டுக்கு எது பக்கமோ அங்கே போங்கள்.

முதலில் போனது என் வீட்டுக்காரருக்காக. கீழ்க் கடவாய்ப் பல்லில் சொத்தை, ரொம்ப நாளாகவே இருந்தது. காபி குடித்தால் சுரீர் என்னும், கிராம்புத் தைலம் வைத்துக்கொள்வார், மரத்துப்போகும், மறந்துவிடுவார். ஒரு நாள் ராத்திரி படுத்ததும் வலி காதுக்கும் நெற்றிக்கும் ஏறி, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறைந்து, மறுபடி படுத்தால் மறுபடி ஏறி, விடிய விடிய ஹாலில் நடந்துகொண்டே இருந்தார். இப்படிப் படுக்கவிடாமல் தானாகவே வலிக்கிறது, சூடு பட்டால் அதிகமாகிறது என்றால் சொத்தை நரம்பு வரை போய்விட்டது, வெறுமனே அடைத்தால் போதாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ரூட் கேனாலுக்கு, அதாவது பல்லின் வேரில் நரம்பு இருக்கும் குழாயைச் சுத்தம் செய்து அடைப்பதற்கு, ஐயாயிரம், பல்லின் மேல் மாட்டும் கேப்புக்குத் தனியாக நாலாயிரம் என்றார்கள். அந்த மாசம் பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியிருந்தோம். சரி, கல்லூரிக்குப் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினோம்.

ஓ.பி. சீட்டு ஐம்பது ரூபாய். நேராகப் பல்லில் கை வைக்கமாட்டார்கள். முதலில் ஒரு பிரிவில் உட்காரவைத்து வாய் முழுக்கப் பார்த்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, எந்த மருந்துக்காவது அலர்ஜி வந்திருக்கிறதா என்று ஒன்று விடாமல் கேட்டு எழுதுகிறார்கள். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில், கன்னத்தின் உள்பக்கம், எல்லாம் விரலால் தடவிப் பார்த்தார்கள். "பல்லுதானே வலிக்குது, இதெல்லாம் எதுக்கு" என்று இவர் கேட்டதற்கு, பார்த்துக்கொண்டிருந்த பெண், "வாயில ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாம இருக்கற புண்ணு, வெள்ளைத் திட்டு ஏதாவது இருந்தா முதல்ல கண்ணுல படற இடம் இதுதான் சார்" என்றாள். அதற்கு முன்னால் நாங்கள் போன எந்த கிளினிக்கிலும் யாரும் இவருடைய நாக்கைத் தூக்கச் சொன்னதில்லை.

ரூட் கேனால் செய்தது எம்.டி.எஸ். படிக்கும் ஒரு பையன். அதாவது பல் மருத்துவப் பட்டமான பி.டி.எஸ். ஐந்து வருஷம் முடித்துவிட்டு மேற்படிப்பில் இருப்பவர், முழு டாக்டர்தான், 'மாணவர்' என்ற சொல்லைக் கேட்டு நாம்தான் பயப்படுகிறோம். ஊசி போட்டு, பல்லைச் சுற்றி ஒரு பச்சை ரப்பர் ஷீட்டை மாட்டி, அந்த ஒரு பல் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி செய்துகொண்டார். எச்சில் உள்ளே போகக் கூடாது, மருந்துத் தண்ணீர் தொண்டைக்குப் போகக் கூடாது, அதற்காகத்தானாம். கீழ்க் கடவாய்ப் பல்லில் வழக்கமாக மூன்று குழாய் இருக்கும், இவருக்கு எக்ஸ்ரேயைச் சாய்த்து எடுத்துப் பார்த்தபோது நான்காவது ஒன்று இருப்பது தெரிந்தது. அதை விட்டிருந்தால் மறுபடி வீங்கியிருக்கலாம். தலைமுடி மாதிரி மெல்லிய ஊசிகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சின்ன ரப்பர் வளையம், எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். ஸ்கேலில் வைத்து வளையத்தை நகர்த்துவார், சீட்டில் எழுதுவார், அப்புறம்தான் உள்ளே விடுவார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பெரிய மேடம் வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த கட்டம். ஒரு தடவை "இன்னும் அரை மில்லி போகணும், திரும்ப எடு" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு அன்று ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது, ஆனால் அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு அந்த இடத்தின் மேல் நம்பிக்கை வந்தது.

மொத்தம் நான்கு தடவை போனோம். ரூட் கேனாலுக்கு ஆயிரத்து ஐந்நூறு, கேப்புக்கு ஆயிரத்து இருநூறு. இடத்துக்கு இடம் இது மாறும், முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கேப் போடாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். சொத்தையும் குடைந்து, உள்ளேயும் திறந்த கடவாய்ப் பல்லில் மிச்சம் இருப்பது மெல்லிய சுவர்தான், ஒரு முறுக்கைக் கடித்தால் பிளந்துவிடும், அப்புறம் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

இவருக்கு சர்க்கரை உண்டு. ஈறில் ரத்தம் வருவதைப் பல வருஷமாக பிரஷ் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். க்ளீன் செய்தால் பல் ஆடிவிடும் என்று அவருடைய அண்ணன் சொன்னதை நம்பிக்கொண்டு ஒருநாளும் செய்துகொண்டதில்லை. ஈறுப் பிரிவில் ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண், அதாவது பி.டி.எஸ். கடைசி வருஷப் பயிற்சியில் இருப்பவள், கண்ணாடியைக் கையில் கொடுத்து, கீழ் முன்பல்லின் பின்பக்கம் மஞ்சளாகக் கல் மாதிரி படிந்திருப்பதைக் காட்டினாள். அந்தக் கல் ஈறைத் தள்ளி, எலும்பையும் கரைத்துக்கொண்டே இருக்கும், பல் ஆடுவது அதனால்தான், கல்லை எடுத்ததும் அது அடைத்துக்கொண்டிருந்த இடைவெளி வெளியே தெரிவதால் க்ளீன் செய்ததுதான் காரணம் என்று நினைத்துவிடுகிறோம். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுக்குள் வராது, இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும் என்றும் சொன்னாள். இதை எங்கள் சர்க்கரை டாக்டரிடம் கேட்டேன், அவரும் ஆமாம் என்றார். வீட்டில் சர்க்கரைக்காரர் யாராவது இருந்தால் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

அப்புறம் பையன். ஆறு வயசு. கீழே பால் கடவாய்ப் பல்லில் ஓட்டை, ஈறில் ஒரு சின்னக் கொப்புளம். பால் பல்தானே, விழுந்து முளைக்கப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன், ஒரு கிளினிக்கில் பிடுங்கிவிடலாம் என்றும் சொன்னார்கள். குழந்தைகள் பிரிவு மேடம் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். முன்பக்கப் பால் பற்கள் ஆறேழு வயசில் விழும், கடவாய்ப் பால் பற்களோ பத்து, பன்னிரண்டு வயசு வரை நிற்க வேண்டியவை, கீழே வளரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதே அவைதான். ஆறு வயசில் பிடுங்கினால் பின்னால் முளைக்கும் பெரிய பல் முன்னால் நகர்ந்து அந்த இடத்தை அடைத்துவிடும், பிறகு வருகிற பல் இடமில்லாமல் கோணலாக முளைக்கும். அதனால் உள்ளே சுத்தம் செய்து, மருந்து அடைத்து, மேலே ஒரு ஸ்டீல் கேப் போட்டார்கள். அவனுக்கு அந்த வெள்ளிப் பல் ரொம்பப் பிடித்துவிட்டது, தெருவில் இருக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் வாயைத் திறந்து காட்டினான்.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எதுவும் விழாமல், சத்தமில்லாமல் ஒரு கடவாய்ப் பல் ஆறு வயசில் முளைக்கிறது. அது நிரந்தரப் பல். அவனுக்கு வந்துவிட்டிருந்தது, நான் கவனிக்கவே இல்லை. அதன் மேல் பள்ளங்கள் ஆழமாக இருந்ததால் சொத்தை விழாமல் இருக்க ஒரு மெல்லிய பூச்சு பூசினார்கள், வலி இல்லை, ஊசி இல்லை, பத்து நிமிஷ வேலை. உங்கள் பிள்ளைக்கு ஆறு ஆகிவிட்டதா, இன்றைக்கே டார்ச் அடித்துப் பின்னால் பாருங்கள்.

இனி அம்மா. இதை எழுத உட்கார்ந்ததே அம்மாவுக்காகத்தான்.

அம்மா பென்னாகரம் பக்கம் பிறந்து வளர்ந்தவர். தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அந்த நிலத்தடித் தண்ணீரில் ஃப்ளோரைடு என்ற உப்பு அதிகம். பல் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் சின்ன வயசில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் பல்லே பழுப்புக் கோடும் திட்டுமாகத்தான் முளைக்கும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் வந்தது, அம்மாவுக்கு அது ஐம்பது வருஷம் பிந்திய தண்ணீர். சின்ன வயசில் சாம்பல், செங்கல் பொடி, அடுப்புக்கரி என்று எதை எதையோ போட்டுத் தேய்த்திருக்கிறார், கறை போகவில்லை, ஏனென்றால் அது மேலே ஒட்டிய அழுக்கு இல்லை, பல்லுக்குள்ளேயே இருப்பது. தேய்த்துத் தேய்த்துப் பல்லின் கழுத்துதான் அரிவாளால் வெட்டின மாதிரி பள்ளமானது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா சிரித்தால் புடவைத் தலைப்பு வாய்க்குப் போய்விடும். கல்யாண ஆல்பத்தில் ஒரு போட்டோவில்கூட வாய் திறந்து சிரித்தது இல்லை.

அறுபத்தெட்டு வயசில் மிச்சம் இருந்தது கீழே நான்கு பல், நான்கும் ஆட்டம், பிடுங்க வேண்டியதாயிற்று. இதயத்துக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றதும், மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, பார்க்கிற டாக்டரிடம் கடிதம் வாங்கி வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் அலைச்சல்தான், ஆனால் அதுதான் சரி. பிடுங்கிய பிறகு பஞ்சை அரை மணி நேரத்துக்கு மேல் இறுகக் கடித்திருக்க வேண்டும், அன்றைக்குத் துப்பவோ கொப்பளிக்கவோ கூடாது, மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்.

புண் ஆறி இரண்டு மாசம் கழித்துப் பல்செட் வேலை ஆரம்பித்தது. ஐந்து தடவை போக வேண்டும். அச்சு எடுப்பார்கள், மறுபடி துல்லியமாக ஒரு அச்சு, தாடை எந்த உயரத்தில் சேர்கிறது என்று அளவு, பிறகு மெழுகில் பல்லை நட்டு வாயில் வைத்துப் பார்ப்பது, கடைசியில்தான் நிஜமான செட். மூன்றாவது தடவை பல்லின் நிறம் பார்க்க வரிசையாகப் பல் நட்ட ஒரு பட்டையைக் கொண்டுவந்து அம்மாவின் முகத்துப் பக்கத்தில் பிடித்தாள் அந்த எம்.டி.எஸ். பெண். "எது வேணும் பாட்டி, நீங்களே சொல்லுங்க." அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ரொம்ப வெள்ளையாக இருந்ததைத் தள்ளிவிட்டு, லேசாக மஞ்சள் கலந்த ஒன்றைக் காட்டி, "இது போதும் கண்ணு, எங்க பெரியக்கா பல்லு இந்த மாதிரி இருக்கும்" என்றார். பெரியம்மா வேறு ஊரில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர், தண்ணீர் வேறு.

மெழுகுச் செட்டை மாட்டி, "சரஸ்வதி சொல்லுங்க, சீப்பு சோப்பு சொல்லுங்க" என்று பேசவைத்தாள். ச சீட்டி மாதிரி வந்தது. எடுத்து, முன்பல்லை ஒரு இழை நகர்த்தி, மறுபடி வைத்தாள். நாலாவது தடவையில் சரஸ்வதி சரியாக வந்தது. கண்ணாடியைக் கொடுத்ததும் அம்மா வழக்கம்போலத் தலைப்பைத் தூக்கினார், பாதியில் கையை இறக்கிக்கொண்டார்.

மேல் கீழ் இரண்டும் சேர்த்து மூவாயிரம். வெளியே பதினைந்தாயிரம் சொன்னார்கள். மேல் செட் அண்ணத்தில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், கீழ் செட்டுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது, நாக்கும் தள்ளும், பழக மாசக் கணக்கு ஆகும், அதை நாங்கள் கேட்காமலே முன்கூட்டியே சொன்னார்கள். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், காய விடக் கூடாது.

ஃப்ளோரைடால் பட்ட குடும்பம் என்பதால் பையனுக்கு ஃப்ளோரைடு பேஸ்ட் வேண்டாம் என்று நான் ஒதுக்கி வைத்திருந்தேன். அவனுக்குச் சொத்தை விழுந்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம் என்று குழந்தைகள் பிரிவு மேடம் சொன்னபோது கஷ்டமாக இருந்தது. வருஷக்கணக்கில் வயிற்றுக்குள் போனதுதான் அம்மாவின் பல்லைக் கெடுத்தது, பல்லின் மேல் பட்டுத் துப்பப்படுவது பல்லை உறுதியாக்கும், அளவுதான் முக்கியம் என்றார். மூன்று வயசு வரை அரிசி அளவு பேஸ்ட், அதற்கு மேல் ஆறு வரை பட்டாணி அளவு, விழுங்காமல் துப்ப வேண்டும், பெரியவர் ஒருவர் கூட நிற்க வேண்டும். பேஸ்ட் உறையில் ஃப்ளோரைடு ஆயிரம் பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) என்று இருக்கிறதா பார்க்கச் சொன்னார். கிணறு, போர் தண்ணீரையே குடிக்கும் ஊராக இருந்தால் முதலில் தண்ணீரைச் சோதித்துவிட்டு டாக்டரிடம் கேளுங்கள்.

குறைகளும் உண்டு. நேரம் நிறையப் போகும், ஒரு தடவைக்கு அரை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு மிச்சமாகும் பணம் அதிலேயே போய்விடும். வீட்டுக்காரருக்கு நடுவில் போட்ட தற்காலிக அடைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்துவிட்டது, திங்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஈறுப் பிரிவில் பார்த்த பெண் வேறு பிரிவுக்கு மாறிவிட, புதிதாக வந்தவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னோம். பரீட்சை சமயத்தில் மூன்று வாரம் தேதியே கிடைக்கவில்லை. லிஃப்ட்டுக்குக் கூட்டம், அம்மா இரண்டு மாடி ஏறினார், முட்டிவலிக்காரர்களைக் கூட்டிப்போனால் சீட்டு போடும்போதே சக்கர நாற்காலி கேளுங்கள். ராத்திரி திடீரென்று முகம் வீங்கிவிட்டது, காய்ச்சல் அடிக்கிறது, வாய் திறக்க முடியவில்லை என்றால் கல்லூரி திறக்கும் வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். திங்கட்கிழமை போகாதீர்கள், கூட்டம் தாங்காது. எட்டரைக்குள் சீட்டு போட்டுவிடுங்கள், சாப்பிடுகிற மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள், பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும். உங்களைப் பார்க்கும் டாக்டரின் பெயரையும் பிரிவையும் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அடுத்த தேதி வருகிற செவ்வாய், அம்மாவுக்குக் கீழ் செட் இடது பக்கம் உறுத்துகிறதாம், தேய்த்துத் தருவார்கள்.