கொங்குக் காற்றில் ஒரு ஸ்டார் ட்ராக்கர்: ட்ரைபாட், மவுண்ட், பேட்டரி பற்றிய நீண்ட நாள் அனுபவம்

நட்சத்திரப் படம் எடுக்க என்ன வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் மவுண்டில், அதாவது நட்சத்திரங்களின் நகர்வுக்கு ஏற்பக் கேமராவை மெல்லத் திருப்புகிற சாதனத்தில், ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் லென்ஸ். கடைசியில் கையில் மிச்சமிருக்கிற காசுக்கு ஒரு ட்ரைபாட். நம்ம பக்கத்துக்கு இந்த வரிசை ஒத்து வராது என்பதுதான் சில வருடப் பழக்கத்தில் நான் கண்டது. பல்லடம், தாராபுரம், காங்கேயம், வெள்ளக்கோவில் என்று எங்கே போய் நின்றாலும் படத்தைக் கெடுக்கிறதில் காற்றுக்குத்தான் முதல் இடம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றை நம்பித்தான் உடுமலை, கேத்தனூர், பூளவாடிப் பக்கமெல்லாம் காற்றாலையாக நட்டு வைத்திருக்கிறார்கள். காற்றாலைக்காரன் தேடி வந்த இடத்தில் நாம் ட்ரைபாடை விரிக்கிறோம்.

இதில் இன்னொரு வம்பு, பருவம். பால்வீதியின் நடுப்பகுதி இருட்டினதுமே கண்ணில் படுவது ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கிற அதே மாதங்கள். காற்றில்லாத நாளில் எடுக்கலாம் என்றால் பிப்ரவரி, மார்ச்சில் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து போக வேண்டும். பனியன் கம்பெனியில் காலை ஷிஃப்ட் இருக்கிற எனக்கு அது வாரக் கடைசியில் மட்டும்தான் ஆகும். ஆகவே காற்றோடு குடித்தனம் நடத்தியே தீர வேண்டியிருக்கிறது.

என்னிடம் இருப்பது ஸ்கை-வாட்சர் ஸ்டார் அட்வென்ச்சரர் 2ஐ ட்ராக்கர் (ஒரு சின்ன மவுண்ட்), பழைய கேனான் 6டி, ஒரு 135 மி.மீ. லென்ஸ். எப்போதாவது 250 மி.மீ. குட்டி டெலஸ்கோப் ஒன்றை ஏற்றுவேன். மொத்தமும் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஏறிவிடும். ட்ரைபாடை முன்னால் கால் வைக்கிற இடத்தில் சாய்த்துக் கட்டினால் முடிந்தது. கையடக்கம் என்பதற்கு என் அளவுகோல் இந்த எக்ஸ்எல்தான். அதில் ஏறாததை வாங்கினால் ஒரு மாதத்தில் பரணுக்குப் போய்விடும்.

முதலில் ட்ரைபாட். வீட்டில் ஏற்கெனவே ஒரு கார்பன் ஃபைபர் ட்ரைபாட் இருந்தது. கால் நான்கு மடிப்பு, எடை ஒன்றரைக் கிலோவுக்குள். பகலில் அருமையான சாமான். தை, மாசியில் காற்றசையாத ராத்திரியில் அதன்மேல் ட்ராக்கரை வைத்து இரண்டு நிமிட எக்ஸ்போஷர் எடுத்தால் நட்சத்திரம் உருண்டையாகவே வரும். ஆனியில் அதே ட்ராக்கர், அதே லென்ஸ், அதே கால்தான். பாதிக்குமேல் படங்களைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அப்புறம் டெலஸ்கோப்போடு வருகிற கனமான எஃகு ட்ரைபாட் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ட்ராக்கரில் கை வைக்காமலே படம் திருந்திவிட்டது.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கேமராவின் லைவ் வியூவில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ட்ரைபாட் காலை விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். நட்சத்திரம் துள்ளும். அது அடங்குவதற்குள் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணுங்கள். எஃகுக் காலில் இரண்டு சொல்வதற்குள் நின்றுவிடும். மெலிந்த காலில் நான்கு, ஐந்து என்று போகும். காற்று நொடிக்கொரு தட்டு தட்டுகிற இடத்தில் அந்த மெலிந்த ட்ரைபாட் எப்போதுதான் அடங்கப் போகிறது? கார்பனா அலுமினியமா என்று விவாதிக்கிறதைவிட, கடைசி மடிப்புக் குழாய் எவ்வளவு பருமன் என்று பார்ப்பது மேல். நடுக்கம்பத்தை உயர்த்தவே கூடாது. அது இல்லாத ட்ரைபாட் என்றால் இன்னும் நல்லது. கால்களை நீட்டாமல் குட்டையாகவே வையுங்கள். உட்கார ஒரு மணை கொண்டு போனால் போதும்.

ட்ரைபாட் கொக்கியில் பையைத் தொங்கவிடச் சொல்வார்கள். நம்ம காற்றில் அந்தப் பையே ஊசலாடி ட்ரைபாடையும் சேர்த்து ஆட்டும். நான் ஒரு காலி ஐந்து லிட்டர் கேன் கொண்டு போய், தோட்டத்துத் தொட்டியில் தண்ணீர் மொண்டு, கால்களுக்கு நடுவே இருக்கிற தட்டில் வைத்துக் கட்டிவிடுகிறேன். போகும்போது கனமில்லை, வரும்போதும் இல்லை. கேமரா வாரைக் கழற்றிவிடுங்கள், அது காற்றில் படபடத்துக்கொண்டே இருக்கும். நீளமான லென்ஸ் ஹுட்டும் காற்றுப் பிடிக்கிற சாமான்தான். ஒயர்களை வெல்க்ரோ பட்டியால் காலோடு கட்டுங்கள்.

மண்ணையும் பார்க்க வேண்டும். உழுத செம்மண்ணில் கால் மெல்ல மெல்ல இறங்கும். இரவு ஒன்பதுக்குச் செய்த போலார் அலைன்மென்ட் (ட்ராக்கரின் அச்சை வானத்தின் வடதுருவத்துக்கு நேராக வைப்பது) பதினொன்றுக்கு இருக்காது. மூன்று கடப்பாக்கல் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. கதிரடிக்கிற சிமென்ட் களம் கிடைத்தால் அதைவிட நல்ல தளம் வேறில்லை. மொட்டை மாடி எனக்கு ஆகவில்லை. யாராவது நடந்தாலே படத்தில் தெரிகிறது. காங்கேயம் பக்கம் கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) இருக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். இடுப்புக்கு மேல் அடர்ந்து நிற்கிற கிளுவை வேலிக்குக் கிழக்கே குட்டையாக ட்ரைபாடை வைத்தால் மேற்கே இருந்து வருகிற காற்றில் பாதி வேலியோடு போய்விடும். வடக்கு மட்டும் திறந்திருக்க வேண்டும்.

மூன்று கால் சாமானை ராத்திரியில் காட்டுக்குள் விரித்தால் ஊரில் என்ன நினைப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் டார்ச்சும் தடியுமாக வந்துவிட்டார்.

“ஏனுங் தம்பி, டவர் லைனுக்கு அளக்கறீங்களா?”

“அளக்கறதுக்கில்லீங் மாமா, நட்சத்திரத்தைப் படம் புடிக்கறனுங்.”

நம்பவில்லை. கேமரா திரையில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தைக் காட்டிய பிறகுதான் தடி கீழே இறங்கியது. உயர் மின்கோபுரத்துக்கு நிலம் போன ஊர்களில் இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. தோட்டத்துக்காரர்களிடம் பகலிலேயே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

இனி மவுண்ட். வெளிநாட்டு விமர்சனங்களில் வராத ஒரு சங்கதி, நாம் இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி அட்சரேகை. துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து அதே 11 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வடக்கே ஒரு தென்னந்தோப்பு இருந்தால் போச்சு. தோப்பு இல்லாவிட்டாலும் கோடையில் புழுதி மறைக்கும். ட்ராக்கரின் துருவத் தொலைநோக்கியில் கண் வைக்கத் தரையோடு தரையாகப் படுக்க வேண்டும். செங்கோணத்தில் திருப்பிப் பார்க்கிற ஐபீஸ் துண்டு தனியாக விற்கிறார்கள், முதுகுக்காக அதை வாங்கிவிடுங்கள்.

அவ்வளவு தாழ்வில் வளிமண்டலம் துருவ நட்சத்திரத்தைச் சுமார் 5 ஆர்க்மினிட் உயர்த்திக் காட்டுகிறது (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஆர்க்மினிட், அதில் அறுபதில் ஒரு பங்கு ஆர்க்செகண்ட்). இதற்காகக் கவலைப்பட வேண்டுமா? துருவத்தில் 5 ஆர்க்மினிட் பிசகு இருந்தால் நட்சத்திரம் நிமிடத்துக்கு அதிகபட்சம் 1.3 ஆர்க்செகண்ட் விலகும். 6டியில் 135 மி.மீ. லென்ஸுக்கு ஒரு பிக்சல் என்பது சுமார் 10 ஆர்க்செகண்ட். இரண்டு நிமிட எக்ஸ்போஷரில் கால் பிக்சல்தான் நகரும், கண்ணுக்கே தெரியாது. துருவ நட்சத்திரம் அறவே தெரியாத இடத்தில், ஃபோன் திசைகாட்டியை வைத்து வடக்கைப் பிடித்து, சாய்வைச் சாய்வுமானியில் 11க்குக் கொண்டு வந்து, அப்புறம் கிழக்கே ஒன்று, உச்சிக்குத் தெற்கே ஒன்று என்று நட்சத்திரம் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்துத் திருத்தலாம். லேப்டாப் வைத்திருக்கிறவர்கள் நினா மென்பொருளின் மூன்று புள்ளி அலைன்மென்ட்டைப் பயன்படுத்தலாம். அதற்குத் துருவம் தெரிய வேண்டியதில்லை.

இந்தத் தாழ்ந்த சாய்வை ஒரு மலையே தாங்கி நிற்பதைப் பார்க்க ஊட்டிக்குப் போகலாம். முத்தோரையில் 1970இல் கட்டிய ரேடியோ டெலஸ்கோப், 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமான சாய்வுள்ள மலைச்சரிவாகத் தேடிப்பிடித்து வடக்கு தெற்காக அதைக் கிடத்தியிருக்கிறார்கள். நீளவாட்டு அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டதால் ஒரே அச்சில் சுழற்றினாலே வானத்தைப் பின்தொடர முடிகிறது. நம் கையிலிருக்கிற ட்ராக்கர் செய்வதும் அதே வேலைதான்.

அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடுவதால் கேமராவும் அதற்கு எதிர்ப்பக்கம் மாட்டுகிற கவுண்டர்வெயிட்டும் வடக்கே துருத்திக்கொண்டு நிற்கும். ட்ரைபாடின் ஒரு கால் வடக்கே இருந்தால்தான் சாயாது. ஆனால் அந்தக் காலில்தான் கவுண்டர்வெயிட் கம்பியும் போய் இடிக்கும். இதற்கு மருந்து, ட்ரைபாடுக்கும் மவுண்டுக்கும் நடுவே ஒரு சாண் உயரக் குழாய். கடையிலும் கிடைக்கிறது. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அது தேவையில்லை, கணபதியில் எந்த லேத் பட்டறையிலும் அளவு கொடுத்தால் கடைந்து தருவார்கள். எனக்குக் கடைந்து தந்தவர் பம்ப்செட் பாகம் செய்கிறவர். மேலே கீழே 3/8 அங்குலத் திருகு, இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சொன்னேன். டயல் கேஜ் வைத்து அவரே சரிபார்த்துக் கொடுத்தார். இதைவிடப் பெரிய மவுண்ட் வாங்குகிறவர்கள் அது தாங்குகிற அட்சரேகை எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டிப்பாகப் பாருங்கள். சிலவற்றில் 10 டிகிரிக்குக் கீழே இறங்காது, சிலவை 10 வரைக்கும்கூட இறங்காது.

2ஐ ஐந்து கிலோ தாங்கும் என்று போட்டிருக்கும். நான் அதில் பாதிக்கு மேல் ஏற்றுவதில்லை. உள்ளே 144 பல் சக்கரம், அதனால் அதைச் சுழற்றுகிற வார்ம் திருகு ஒரு சுற்று வரப் பத்து நிமிடம் ஆகும். அந்தச் சுற்றுக்குள் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே போவது இதன் சுபாவம். 135க்கு இரண்டு நிமிடம் பிரச்சினையில்லை. 250க்கு ஒரு நிமிடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். தானாக இலக்கைத் தேடிப் போக வேண்டும், இரண்டு அச்சிலும் கைடிங் (இன்னொரு கேமரா ஒரு நட்சத்திரத்தைக் கவனித்துப் பிசகைத் திருத்துவது) வேண்டும் என்பவர்களுக்கு இதே வரிசையில் ஜிடிஐ என்ற மவுண்ட் இருக்கிறது. இப்போது புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன்.

பவர் விஷயத்தில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். என் கதை சுருக்கம்: ட்ராக்கர் குடிக்கிற கரண்ட் மிகக் கொஞ்சம், அதனால்தான் பவர் பேங்க் மக்கர் பண்ணுகிறது. ஃபோன் சார்ஜ் ஏறி முடிந்தது என்று நினைத்து அதுவே அணைந்துவிடும். காலையில் பார்த்தால் பாதிப் படத்தில் நட்சத்திரமெல்லாம் கோடு. ட்ராக்கருக்கு நல்ல ரீசார்ஜபிள் ஏஏ செல் நான்கு போட்டுவிட்டு பவர் பேங்கை, லென்ஸில் பனி படியாமல் சூடாக்குகிற டியூ ஹீட்டருக்கு வைத்துக்கொண்டேன். 20,000 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தாலும் அது 3.7 வோல்ட் கணக்கு, 74 வாட்-ஹவர். யுஎஸ்பி வழியாக வெளியே வரும்போது அறுபது சொச்சம்தான். மார்கழிப் பனியில் 10 வாட் ஹீட்டரை முழு வேகத்தில் விட்டால் விடிவதற்குள் தீர்ந்துவிடும். பாதி வேகம் போதும். ஆடியில் ஹீட்டரே வேண்டாம், காற்றே லென்ஸைத் துடைத்துவிடும்.

12 வோல்ட் கேட்கிற மவுண்ட் என்றால் கணக்கு வேறு. நம்ம வீடுகளில் மருந்தடிக்கிற ஸ்பிரேயரில் 12 வோல்ட் 8 ஏஎச் பேட்டரி ஒன்று இருக்கும். அவசரத்துக்கு அது வேலைக்கு ஆகும், நண்பனின் ஜிடிஐயை அதில் ஓட்டிப் பார்த்திருக்கிறோம். ஆனால் லெட் ஆசிடைப் பாதிக்கு மேல் காலி பண்ணினால் சீக்கிரம் உயிரை விடும். சித்தப்பா காலையில் மருந்தடிக்கப் போகும்போது பேட்டரி இறங்கியிருந்தால் வருகிற பேச்சு தனி.

வாங்குவதென்றால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்தான். நான்கு செல், 12.8 வோல்ட், 20 ஏஎச் என்றால் 256 வாட்-ஹவர். மவுண்ட், கைட் கேமரா, மினி பிசி, ஹீட்டர் எல்லாம் சேர்ந்து 25 வாட் என்று வைத்தாலும் எட்டு மணி நேரம் ஓடி மிச்சமிருக்கும். எடை இரண்டரைக் கிலோ பக்கம். முக்கால்வாசி தீரும் வரை வோல்டேஜ் அநேகமாக இறங்காது. மூன்று செல் சாதா லித்தியம் பேக் 12.6இல் ஆரம்பித்து நடுராத்திரிக்குள் 11க்குக் கீழே வந்துவிடும், மவுண்ட் அப்போதுதான் கிறுக்குப் பண்ணும். நம் ஊரில் குளிர் இதற்கு எதிரியில்லை. சித்திரை மாதக் கரூர் வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பவர் பேங்கிலிருந்து ட்ரிகர் கேபிள் (வேண்டிய வோல்டேஜைப் பேங்கிடம் கேட்டு வாங்குகிற ஒயர்) வழியாக 12 வோல்ட் எடுக்கலாம் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யுஎஸ்பி பிடி (பவர் டெலிவரி) தரத்தில் 5, 9, 15, 20 வோல்ட்தான் வழக்கமான படிகள். 12 இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பேங்கின் பின்னால் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒயரிலும் கஞ்சம் கூடாது. அரை ஸ்கொயர் எம்எம் ஒயரில் ஐந்து மீட்டர் தூரம் 3 ஆம்பியர் போனால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தின்றுவிடும். ஒன்றரை ஸ்கொயர் போட்டால் அரை வோல்ட் கூட இழக்காது. பேட்டரிப் பக்கம் ஒரு ஃபியூஸ் வையுங்கள். கார் சிகரெட் லைட்டர் பிளக் எனக்குப் பிடிக்காது, லேசாக அசைந்தாலே கழன்றுவிடுகிறது.

கார் வைத்திருக்கிறவர்கள் ஏஎம்3, ஏஎம்5 போன்ற ஹார்மோனிக் (ஒரு வகைக் கியர்) மவுண்ட் பற்றிக் கேட்கிறார்கள். ஏஎம்5 ஐந்து கிலோ எடையில் கவுண்டர்வெயிட் இல்லாமல் 13 கிலோ தூக்கும். ஆனால் கைடிங் இல்லாமல் பிரயோசனமில்லை, 12 வோல்ட் கட்டாயம், கூடவே ஒரு கம்ப்யூட்டர். கவுண்டர்வெயிட் இல்லாத பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதால் குறுகிய காலுள்ள ட்ரைபாடில் வைத்து ஆடி மாதம் வெளியே எடுத்தால் குப்புற விழ வாய்ப்பு அதிகம். அதற்கும் நல்ல கால் முதலில் வேண்டும்.

பழையதாக வாங்குகிறவர்கள் வெட்ஜை (ட்ராக்கரின் சாய்வைச் சரிசெய்கிற அடிப்பாகம்) முழுக்க முடுக்கிவிட்டு மேலே கையால் அசைத்துப் பாருங்கள், ‘டக்’ என்று ஆட்டம் கொடுத்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ட்ரைபாட் காலைத் திருகிப் பூட்டுகிற வகையென்றால் கழற்றிப் பாருங்கள், உள்ளே செம்மண் புழுதி இருக்கும். பேட்டரியோடு தருகிற சார்ஜர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கான 14.6 வோல்ட் சார்ஜர்தானா என்று லேபிளைப் படியுங்கள். லெட் ஆசிட் சார்ஜரைச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.