அணை நீரா, மழை நீரா, பனி நீரா: பிள்ளையோடு ராஃப்டிங் போக எந்த ஆறு?

சென்னைக்குள் கூவம், அடையாறு, வடக்கே கொசஸ்தலை என்று ஆறுகளுக்குக் குறைவில்லை. ஒன்றிலும் ராஃப்ட், அதாவது காற்றடைத்த குழாய்களால் ஆன ரப்பர் படகு, இறக்க முடியாது. பிள்ளையோடு நுரைநீரில் துடுப்பு போட ஆசைப்பட்டால் ரயிலோ விமானமோ ஏறித்தான் ஆகவேண்டும். வழக்கமாக அடிபடும் பெயர்கள் நான்கு: ரிஷிகேஷில் கங்கை, கர்நாடகத்தில் தண்டேலிப் பக்கம் காளி, மகாராஷ்டிரத்தில் கோலாட் அருகே குண்டலிகா, தென்குடகில் பரபொளெ. வீட்டில் யாராவது ஒருவர் "ஏன், நம்ம ஒகேனக்கல் ஆகாதா?" என்பார். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்வோம்.

பெரும்பாலோர் கிரேடை, அதாவது நீரோட்டம் எவ்வளவு கடினம் என்று சொல்லும் எண்ணை, பார்த்து ஆற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கிரேடு 1 வெறும் சலசலப்பு, 6 உயிரோடு விளையாட்டு. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு 2, 3 போதும். ஆனால் கிரேடு என்பது ஆற்றின் நிலையான குணம் அல்ல. நீர் ஏறினால் அதே பாறை, அதே வளைவு ஒரு படி கடினமாகிவிடும். அதனால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதன் குழாய் யார் கையில்?

அணை திறந்தால் ஆறு: குண்டலிகா, காளி

குண்டலிகாவில் ஓடுவது பீரா நீர்மின் நிலையத்தில் டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீர். காலையில் திறப்பார்கள், ராஃப்டுகள் அந்த நீரோடு சேர்ந்து இறங்கும். சுமார் 12 கி.மீ., கிரேடு 2-3. அளவு நாளுக்கு நாள் பெரிதாக மாறாது என்பதுதான் இதன் பெரிய பலம். பலவீனம், நீர் திறப்பவர் கையில் இருப்பது: தாமதமாகப் போனால் நீர் போய்விடும், ராஃப்ட் கல்லில் உரசிக்கொண்டு நிற்கும். மின் உற்பத்தி இல்லாத நாளில் ராஃப்டிங்கும் இல்லை. எனவே முந்தைய இரவே கோலாடில் தங்குங்கள். மும்பையிலோ புனேயிலோ இறங்கி அன்று காலையே ஓடிவந்து ஏறலாம் என்று திட்டம் போடாதீர்கள். அணை நீர் இல்லையென்றால் பணம் திரும்ப வருமா என்பதையும் பதிவு செய்யும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காளியின் தண்ணீர் சூப்பா அணையிலிருந்து வருகிறது, ராஃப்டில் ஏறுவது கணேஷ்குடியில். சென்னையிலிருந்து ரயிலில் தார்வாட் அல்லது ஹூப்ளி போய், அங்கிருந்து சாலை. இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. ரிசார்ட் பேக்கேஜில் 'ராஃப்டிங்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் அரைமணி நேர 'ஷார்ட் ராஃப்டிங்': தேங்கிய நீரில் ஒரு சுற்று, ஒரே ஒரு ரேபிட் (பாறைகளிடையே நீர் நுரைத்துப் பாயும் இடம்). முழு ஓட்டம் 9 கி.மீ.க்கு மேல், கிரேடு 2-3. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஷார்ட் வாங்கிக் கொடுத்தால் முகம் தொங்கிவிடும். பன்னிரண்டு வயதில் முதல்முறை ஏறுகிற பிள்ளைக்கு அதுவே சரியான அளவு.

இரண்டில் எது? ரேபிட்டுகள் அடுத்தடுத்து வரவேண்டுமென்றால் குண்டலிகா. ஒரு ரேபிட் முடிந்து அமைதியான நீரில் மூச்சு வாங்கி, காட்டைப் பார்த்து, மறுபடி இறங்க வேண்டுமென்றால் காளி. பயந்த சுபாவமுள்ள பிள்ளைக்குக் காளியே மேல். காளியில் ஒரு எச்சரிக்கை மட்டும்: தண்டேலி ஊரை ஒட்டிய பகுதியில் முதலைகள் உண்டு. வழிகாட்டி இல்லாமல் கரையில் கால் நனைக்கக்கூட இறங்க வேண்டாம்.

பனி நீர்: ரிஷிகேஷ்

இங்கே ஆறு ஒன்று, பாதை நான்கு. பிரம்மபுரியிலிருந்து ரிஷிகேஷ் சுமார் 9 கி.மீ., ஷிவ்புரியிலிருந்து 16, மரைன் டிரைவிலிருந்து 25, கௌடியாலாவிலிருந்து 35. கடைசிப் பாதையில்தான் 'தி வால்' என்கிற கிரேடு 4 ரேபிட் வரும். பிள்ளையோடு போகும்போது அந்தப் பாதை வேண்டாம், பேரம் பேசி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். முதல்முறைக்குப் பிரம்மபுரி. ஏற்கனவே ஓர் ஆறு பார்த்த பிள்ளைக்கு ஷிவ்புரி. 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' இரண்டும் அந்தப் பாதையிலேயே வந்துவிடும். உத்தராகண்டில் குறைந்தபட்ச வயது 14. "பார்க்க வளர்ந்த பையன் மாதிரித்தான் இருக்கான்" என்று முகவர் வளைந்துகொடுத்தால், அவர் வேறு எதில் எல்லாம் வளைந்துகொடுப்பார் என்று யோசியுங்கள்.

நமது பள்ளி விடுமுறைகளோடு பொருத்திப் பார்த்தால் ரிஷிகேஷ் கொஞ்சம் இடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் ராஃப்டிங் கிடையாது. காலாண்டு விடுமுறையின்போது மழை முடிந்து ஆறு இன்னும் பெருத்து ஓடும். அரையாண்டு விடுமுறையில் நீர் தெளிந்து பச்சையாக, ஆனால் எலும்பு நடுங்கும் குளிரில் இருக்கும். மார்கழிக் குளியலையே குளிர் என்று நினைக்கும் சென்னைப் பிள்ளை அந்த நீரில் திடீரென விழுந்தால் முதல் சில நொடிகள் மூச்சே ஒழுங்காக வராது. வெட்சூட் (குளிர் தாங்கும் இறுக்கமான நீச்சல் உடை) தருவார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் டிசம்பரைத் தவிருங்கள். மே மாதம் குளிர் தாங்கலாம், ஆனால் கூட்டம் தாங்காது. எங்களைக் கேட்டால் ஏப்ரல் கடைசியில், அதுவும் வாரநாளில் போவது நல்லது.

மழை நீர்: பரபொளெ

ஜூன் முதல் செப்டம்பர் வரை, கிரேடு 3-4. ஓட்டம் நீளமில்லை, ஆனால் ரேபிட்டுகள் விடாமல் வரும். முந்தைய இரவு மேலே பெய்த மழை காலையில் ஆற்றில் தெரியும். நேற்று போனவர் சொன்ன அனுபவம் இன்றைக்கு உதவாது. பள்ளி நடக்கும் மாதங்கள் என்பதால் சனி, ஞாயிறுதான் கிடைக்கும், அட்டைக்கடி இலவசம். மற்ற ஆறுகளில் இரண்டுமுறையாவது துடுப்பு பிடித்த, பதினாறை நெருங்கும் பிள்ளைக்கு மட்டும்.

ஒகேனக்கல்

இது ராஃப்டிங் அல்ல, பரிசல். வட்டமானது, பிடித்துக்கொள்ளக் கயிறு இல்லை, ஒரு பக்கம் நாலுபேர் சாய்ந்தால் கவிழும். துடுப்பு பரிசல்காரர் கையில், பிள்ளைக்கு வேலையே இல்லை. ஆனால் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஓடும் நீர் எப்படி இழுக்கிறது, சுழல் எப்படித் திருப்புகிறது என்று காட்ட இதைவிடப் பக்கத்தில் வேறு இடம் இல்லை. கிளம்பும்முன் காவிரியின் நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி என்று செய்தியில் பாருங்கள். நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டுவிடும். லைஃப் ஜாக்கெட் போட்டபிறகே பரிசலில் கால் வையுங்கள்.

எந்த ஆறானாலும் ஜாக்கெட்டில் தொடங்குங்கள்

லைஃப் ஜாக்கெட்டின் வார்களைக் கீழிருந்து மேலாக இறுக்குங்கள். பிறகு பிள்ளையின் பின்னால் நின்று, இரண்டு தோள்பட்டை வார்களையும் பிடித்து நேராக மேலே தூக்குங்கள். ஜாக்கெட் மோவாயைத் தாண்டிக் காதுவரை ஏறினால் அது பெரியது. தண்ணீரில் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை அதற்குள் கீழே வழுகும், மூக்கும் வாயும் நுரைக்குள் போகும். "பின்னாடி ஒரு முடிச்சு போட்டா சரியாயிடும் சார்" என்பார் கடைப்பையன். ஆகாது. உள்ளே இருக்கும் எடை அளவைப் படியுங்கள். 35 கிலோ பிள்ளைக்குப் பெரியவர் ஜாக்கெட் எவ்வளவு இறுக்கினாலும் பொருந்தாது. சிறிய அளவு இருக்கிறதா என்பதை ஊரிலிருந்தே போனில் கேட்டுவிடுங்கள், படம் அனுப்பச் சொல்லுங்கள். ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் உட்காரவேண்டும், பின்னால் தள்ளினால் நெற்றி தெரியக்கூடாது.

உட்காரும் இடத்திலும் தவறு நடக்கிறது. பிள்ளை முன்வரிசை கேட்கும். அலை முதலில் அடிப்பது அங்கேதான். மேலும் ராஃப்டின் ஓரக் குழாயில் உட்கார்ந்து, காலைக் குறுக்குக் குழாயின் அடியில் செருகித்தான் பிடிமானம் கிடைக்கும். குட்டைக் கால் அதுவரை எட்டாது. நடுவரிசையில் பிள்ளை, அதே பக்கம் நேர் பின்னால் அப்பாவோ அம்மாவோ. பெரிய ரேபிட் வரும்போது பிள்ளை ராஃப்டின் தரையில் இறங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளட்டும். துடுப்பின் தலையில் குறுக்காக இருக்கும் பிடியிலிருந்து கையை எடுக்கக்கூடாது. எடுத்தால் அது பக்கத்தில் இருப்பவரின் பல்லைப் பதம் பார்க்கும்.

பிள்ளை விழுந்துவிட்டால் பெற்றவர் பின்னாலேயே குதிப்பதுதான் பெரிய ஆபத்து: வழிகாட்டி இப்போது இருவரைத் தேடவேண்டும். பிள்ளை செய்யவேண்டியது, மல்லாந்து, கால் ஓட்டத்தின் திசையில், கால்விரல்கள் நீருக்கு மேலே தெரிய மிதப்பது. முழங்கால் ஆழம்தானே என்று எழுந்து நிற்கக்கூடாது. பாதம் பாறை இடுக்கில் மாட்டினால் ஓட்டம் உடலை முன்னால் சாய்த்து முகத்தை அமுக்கும். கயிறு எறிந்தால் கயிற்றை மார்போடு பிடிக்கவேண்டும், கையில் சுற்றக்கூடாது. ராஃப்டருகே வந்ததும் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் நழுவும். முகம் உங்களைப் பார்க்க, இரண்டு தோள்பட்டை வாரையும் பிடித்து, முழங்காலை ஓரக் குழாயில் ஊன்றி, ஒருமுறை கீழே அமுக்கி, அது எழும்பும் வேகத்தோடு நீங்கள் பின்னால் சாய்ந்து விழுங்கள். பிள்ளை உங்கள்மேல் வந்து விழும். வீட்டுக்குப் பக்கத்து நீச்சல் குளத்தில், ஜாக்கெட் போட்டு, குளத்தின் விளிம்பையே ராஃப்டாக நினைத்து இதைப் பத்துமுறை செய்துபாருங்கள். துடுப்பு பழக முட்டுக்காடு, முகத்தில் அலை வாங்கிப் பழகக் கோவளம்.

கடைசியாக ஒன்று, பலர் கேட்கவே மறப்பது: பாதிவழியில் பிள்ளை "போதும், இறங்கணும்" என்றால் என்ன செய்வது? ரிஷிகேஷில் பத்ரிநாத் சாலை ஆற்றை ஒட்டியே வருவதால் பல இடங்களில் கரையேறி ஜீப் பிடிக்கலாம். குண்டலிகாவில் கரையோரம் கிராமங்கள் உண்டு. காளியின் முழு ஓட்டத்தில் இருபுறமும் காடு, பரபொளெயில் காடும் காப்பித் தோட்டமும். அங்கே இறங்கும் இடம் எது, அங்கிருந்து வண்டி வருமா என்பதை ராஃப்ட் நீரில் இறங்கும் முன்பே வழிகாட்டியிடம், பிள்ளையின் காதுபடக் கேளுங்கள்.