முன்னாள் படைவீரர் நடுவயதில் விமானம் ஓட்டப் பழகுவது: பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன்

அமெரிக்க ராணுவத்தில் பணி முடித்து, நாற்பது ஐம்பது வயதில் விமானம் ஓட்டப் பழக வருபவர்கள் பள்ளிகளை ஒப்பிடும்போது முதலில் பார்ப்பது மணிக்கு எத்தனை டாலர் என்பதைத்தான். சொந்தமாகப் பறப்பதற்கான பிரைவேட் லைசென்ஸில் தொடங்கி, சம்பளத்துக்குப் பறப்பதற்கான கமர்ஷியல், கற்பிப்பதற்கான இன்ஸ்ட்ரக்டர் வரை முழுப் பாதையையும் கணக்குப் போட்டுப் பார்த்தால், பயிற்சி எத்தனை மாதம் இழுக்கிறது என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. ஏர்லைன் விமானிக்கு 65 வயதில் கட்டாய ஓய்வு. ஐம்பதில் பழகுபவருக்குப் பள்ளியில் வீணாகும் ஒவ்வொரு மாதமும் வேலைக்காலத்திலிருந்து நேராகக் கழிகிறது. கீழே வருவதையெல்லாம் இந்தக் கண்ணோடு படியுங்கள்.

பள்ளியைத் தேடும் முன்பே மெடிக்கலை, அதாவது விமானிக்கான மருத்துவத் தகுதிச் சான்றை, முடித்துவிட வேண்டும். முன்னாள் படைவீரர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். அமெரிக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்ஏஏ-யின் மெட்எக்ஸ்பிரஸ் என்ற இணைய விண்ணப்பப் படிவத்தில், உடல் குறைபாட்டுக்காக உதவித்தொகை பெறுகிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது. முன்னாள் படைவீரர் துறையான விஏ தரும் தொகையும் அதில் அடக்கம், மறைக்கக் கூடாது. விஏ-விடம் ஒன்றும் மெடிக்கல் படிவத்தில் வேறொன்றுமாகச் சொல்லியிருக்கலாம் என்ற சந்தேகத்தில் ஏறத்தாழ 4,800 விமானிகளின் பதிவுகளை எஃப்ஏஏ ஆராய்வது 2023-ல் வெளியே தெரிந்தது. தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வுக்கான மாத்திரை, போர் அனுபவத்தால் வந்த மனப் பாதிப்பு, இவை எதுவும் கதவை நிரந்தரமாக மூடுவதில்லை. ஆனால் கோப்பு மேலிடத்துக்குப் போனால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் சிபாப் கருவி பயன்படுத்துபவர் அதன் பயன்பாட்டுப் பதிவையும், மருத்துவரின் அண்மைக் குறிப்பையும் கையில் வைத்துக்கொண்டே போக வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எஃப்ஏஏ அங்கீகரித்த மருத்துவரை முதலில் வெறும் ஆலோசனைக்காகப் போய்ப் பாருங்கள். படிவத்தின் உறுதி எண்ணை அப்போது கொடுக்காதீர்கள். அந்த எண்ணைக் கொண்டு அவர் விண்ணப்பத்தைத் திறந்துவிட்டால், வழங்குவதா, ஒத்திவைப்பதா, மறுப்பதா என்று ஏதாவது ஒரு முடிவு பதிவாகியே தீரும். மறுப்பு பதிவாகிவிட்டால் மெடிக்கலுக்குப் பதில் சாதாரண மருத்துவரின் சோதனையோடு பறக்கும் பேசிக்மெட் வழியும் அடைபடும், கார் ஓட்டுநர் உரிமத்தை மட்டும் வைத்துச் சிறு விமானங்களில் ஸ்போர்ட் பைலட்டாகப் பறக்கும் வழியும் அடைபடும். மெடிக்கல் கைக்கு வரும்வரை எந்தப் பள்ளிக்கும் முன்பணம் கட்ட வேண்டாம். 40 வயதைக் கடந்தவருக்கு முதல் வகுப்பு மெடிக்கல் (ஏர்லைனுக்கு) 6 மாதம், இரண்டாம் வகுப்பு (கமர்ஷியலுக்கு) 12 மாதம், மூன்றாம் வகுப்பு (பிரைவேட்டுக்கு) 24 மாதம் செல்லும். ஐம்பதிலிருந்து முதல் இரண்டு வகுப்புகளுக்கு 32 அங்குலத் தொலைவிலும் பார்வை சோதிக்கப்படும். அது ஏறக்குறைய விமானத்தின் கருவிப் பலகை இருக்கும் தூரம். படிக்கும் கண்ணாடி அங்கே உதவாது என்பதால், கண் மருத்துவரிடம் அந்தத் தூரத்தைச் சொல்லியே கண்ணாடி வாங்குங்கள்.

அடுத்தது ஜிஐ பில், அதாவது படைவீரர்களின் படிப்புச் செலவுக்கு விஏ பணம் தரும் திட்டம். 9/11-க்குப் பிந்தைய ஜிஐ பில்லில் பட்டப்படிப்போடு சேராத பள்ளிக்கு ஒரு விதி, கல்லூரிப் பட்டத்தோடு வரும் பயிற்சிக்கு வேறொரு விதி. தனிப் பள்ளியில் பிரைவேட் லைசென்ஸுக்கு ஜிஐ பில் பணம் தராது. அது சொந்தக் காசு. அதை முடித்து, பயிற்சி தொடங்கும் நாளில் இரண்டாம் வகுப்பு மெடிக்கலும் கையில் இருந்தால்தான் அடுத்த கட்டங்களுக்குப் பணம் வரும். அதற்கும் ஆண்டு உச்சவரம்பு உண்டு, வீட்டு வாடகைப் படி கிடையாது. அரசுக் கல்லூரியின் பட்டப்படிப்பில் பறக்கும் கட்டணமும் கல்விக் கட்டணத்தோடு சேரும், வாடகைப் படியும் கிடைக்கும். பதிலுக்குப் பொதுப் பாடங்கள், செமஸ்டர் என்று ஆண்டுகள் நீளும். ஏற்கெனவே பட்டம் பெற்ற ஐம்பது வயதுக்காரருக்கு இன்னொரு பட்டம் லாபமா என்று நன்றாக யோசிக்க வேண்டும். பட்டமே இல்லாத நாற்பது வயதுக்காரருக்குத் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். அங்கீகாரம் பெற்ற விமானவியல் இளநிலைப் பட்டம் இருந்தால் ஏர்லைன் தகுதிக்கான 1,500 மணி நேரம் 1,000 ஆகக் குறையும்.

தனிப் பள்ளிக்குப் போகிறவர்கள் உச்சவரம்பு ஆகஸ்ட் 1-ல் புதுப்பிக்கப்படுவதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வசந்த காலத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகும் இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சியைத் தொடங்கினால் ஜூலைக்குள் ஓராண்டு வரம்பையும், ஆகஸ்டிலிருந்து கமர்ஷியலுக்கு அடுத்த ஆண்டு வரம்பையும் எடுக்கலாம். ‘எங்கள் பள்ளிக்கு விஏ அங்கீகாரம் உண்டு’ என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். அங்கீகாரம் குறிப்பிட்ட பாடத்திட்டத்துக்கும் குறிப்பிட்ட இடத்துக்கும் தரப்படுவது. ஒரே பள்ளியின் இன்னொரு விமான நிலையக் கிளைக்கு அது இல்லாமல் போகலாம். ஒரு பாடத்திட்டத்தில் விஏ பணத்தில் படிப்பவர்கள் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. இடம் நிரம்பியிருந்தால் புதிதாகச் சேர்பவருக்குப் பணம் வராது. இவ்விரண்டையும் பள்ளியின் விஏ சான்றளிப்பு அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எஃப்ஏஏ விதிகளில் பயிற்சி இரண்டு வகை: தனி இன்ஸ்ட்ரக்டரிடமும் நெகிழ்வாகப் பழகும் பார்ட் 61, எஃப்ஏஏ அங்கீகரித்த பாடத்திட்டப்படி பள்ளி நடத்தும் பார்ட் 141. எது மேல் என்ற விவாதம் தேவைக்கு மேல் நடக்கிறது. பிரைவேட்டுக்குக் குறைந்தபட்சம் முன்னதில் 40 மணி, பின்னதில் 35 மணி. நடைமுறையில் இரண்டிலும் பெரும்பாலோர் அதைத் தாண்டித்தான் முடிக்கிறார்கள். வித்தியாசம் கமர்ஷியலில்தான் தெரியும்: பார்ட் 61-ல் மொத்தம் 250 மணி வேண்டும், 141-ல் சுமார் 190 போதும். விஏ பணம் 141 பள்ளிக்குத்தான் வரும். ஆகவே சொந்தக் காசில் செய்யும் பிரைவேட்டை அருகிலுள்ள நல்ல பார்ட் 61 இன்ஸ்ட்ரக்டரிடம் முடித்துவிட்டு, அதன்பின் 141-க்கு மாறுவது பலருக்கும் பொருந்தும். ஆனால் ஒரு பாடத்திட்டத்தின் நடுவில் மாறாதீர்கள். பார்ட் 61-லிருந்து வந்தால் புதிய பாடத்திட்டத்தில் 25 சதவீதம் வரையும், இன்னொரு 141 பள்ளியிலிருந்து வந்தால் 50 சதவீதம் வரையும்தான் கணக்கில் ஏறும். மற்றதைத் திரும்பப் பறக்க வேண்டும். ராணுவத்திலேயே விமானியாக இருந்தவர்களுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. ஓர் எழுத்துத் தேர்வோடு கமர்ஷியல் வாங்க அவர்களுக்குத் தனி விதி இருக்கிறது.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது வரவேற்பறையில் உட்காராமல் ஹேங்கருக்குள் போங்கள். எத்தனை விமானம் பறக்கிறது, எத்தனை பிரித்துப் போட்டுக் கிடக்கிறது, ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர் என்று எண்ணுங்கள். விமானத்தையும் இன்ஸ்ட்ரக்டரையும் சேர்த்துத் தரும் பள்ளி 100 மணிக்கு ஒருமுறை விமானத்தைச் சோதித்தாக வேண்டும். நன்றாக ஓடும் பள்ளியில் ஒரு விமானம் அந்த 100 மணியைச் சில வாரங்களிலேயே தொட்டுவிடும். சொந்த மெக்கானிக் இல்லாவிட்டால் அந்த விமானம் வெளிப் பட்டறையில் வரிசையில் நிற்கும், உங்கள் வகுப்புகள் ரத்தாகும். வாரம் மூன்று முறை பறக்க முடியாத பள்ளி நடுவயது மாணவருக்கு ஆகாது. வாரம் ஒருமுறை என்றால், போன வாரம் கையில் இருந்த லேண்டிங் இந்த வாரம் நழுவியிருக்கும். ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பகுதி அதை மீட்பதிலேயே போகும்.

உங்களுக்கு ஒதுக்கப்படும் இன்ஸ்ட்ரக்டரின் மொத்த மணி நேரத்தைத் தயங்காமல் கேளுங்கள். 1,300 மணியில் இருப்பவர் 1,500 தொட்டதும் ஏர்லைனுக்குப் போய்விடுவார். புதியவர் உங்களைப் புரிந்துகொள்ளச் சில வகுப்புகள் உங்கள் செலவில் ஓடும். லைசென்ஸுக்கான பறக்கும் தேர்வான செக்ரைடுக்கு எக்ஸாமினர் கிடைக்க எத்தனை வாரம் ஆகிறது, முதல் முயற்சியில் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். 141 சான்றிதழுக்கே 80 சதவீத முதல்முறைத் தேர்ச்சி நிபந்தனை என்பதால் இந்தக் கணக்கு பள்ளியிடம் கட்டாயம் இருக்கும். சொல்ல மறுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடலாம்.

உடம்பையும் கணக்கில் எடுங்கள். பைப்பர் வகைப் பயிற்சி விமானங்களில் கதவு வலப்புறம் ஒன்றுதான். இறக்கைமேல் ஏறி, குனிந்து, இருக்கை தாண்டி நகர வேண்டும். முட்டியிலோ முதுகிலோ அடிபட்டவர்களுக்கு இருபுறமும் கதவுள்ள செஸ்னா 172 எவ்வளவோ மேல். செஸ்னா 152 மலிவு என்றாலும், ஆளுக்கு 200 பவுண்டு எடையில் இருவர் உட்கார்ந்து டாங்கையும் நிரப்பினால் எடை வரம்பு தாண்டிவிடும்.

கட்டணத்தில், மணிக்கணக்கு ஹாப்ஸ் மீட்டரிலா டாக்கோ மீட்டரிலா என்று பாருங்கள். ஹாப்ஸ் எஞ்சின் ஓடியபடி தரையில் நிற்கும் நேரத்தையும் முழுதாக எண்ணும். டாக்கோ எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது மெதுவாகவே ஓடும். எரிபொருள் சேர்த்தா தனியா, பறக்கும் முன்னும் பின்னும் பேசும் நேரத்துக்கும் பணமா என்பதும் எழுத்தில் வேண்டும். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றால் ஒப்பாதீர்கள். 2008 பிப்ரவரியில் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் ஒரே நாளில் மூடியபோது முழுத் தொகையையும் கடன் வாங்கிக் கட்டியிருந்த மாணவர்கள் நடுவழியில் நின்றார்கள். கணக்கில் நாலைந்து வகுப்புக்கான பணத்துக்கு மேல் வைக்க வேண்டியதில்லை.

ஏர்லைனுக்கு வயது கடந்துவிட்டது என்பவர்களும் இன்ஸ்ட்ரக்டராகலாம். அதற்கு வயது வரம்பு இல்லை, கற்பிக்க மூன்றாம் வகுப்பு மெடிக்கலே போதும். அந்த எண்ணம் இருந்தால், தன்னிடம் படித்தவர்களை அந்தப் பள்ளி வேலைக்கு எடுக்கிறதா என்பதைச் சேரும்போதே விசாரியுங்கள். இன்ஸ்ட்ரக்டர் தேர்வுக்கு முதல்முறை தயாராகிறவரைப் பயிற்றுவிக்கத் தகுதிபெற்ற மூத்தவர் ஒருவராவது அங்கே நிலையாக இருக்கிறாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.