அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்டீரியோவும் 101.4-ம்

நண்பர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். எங்கள் வீட்டில் இருக்கும் அதே ஸ்டீரியோ அமெரிக்காவில் இப்போது பாதி விலைக்குக் கிடைக்கிறதாம். "பொண்ணு டிசம்பர்ல வர்றா சார், ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். அவருக்கு ஆச்சரியம். எங்கள் வீட்டில் உட்கார்ந்து அதில் மணிக்கணக்காகக் கச்சேரி கேட்டவர் அவர். இவ்வளவு அருமையாகப் பாடுகிற பெட்டியை ஏன் வேண்டாம் என்கிறேன் என்று போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. இதே கேள்வி வேறு சிலருக்கும் இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

செட் நியூ ஜெர்சியிலிருந்து மைத்துனர் கொண்டுவந்து கொடுத்தது. நடுவில் ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், சிடி, ரேடியோ, ஒரு ஆக்ஸ் துளை. பின்பக்கம் 100–240 வோல்ட் என்று போட்டிருந்ததால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவைப்படவில்லை, பிளக் மாற்றியோடு வேலை முடிந்தது. ஆறேழு வருடமாக அநேகமாகத் தினமும் ஓடுகிறது.

சிடி விஷயத்தில் அதன்மேல் ஒரு குறை சொல்ல மாட்டேன். மார்கழி சீசனில் சபா வாசல்களில் வாங்கிச் சேர்த்த சிடிக்கள் அலமாரி நிறைய இருக்கின்றன. பல கைமாறிக் கீறல் விழுந்தவையும் உண்டு. பழைய டிவிடி பிளேயர் திக்கித் திணறிய சிடிக்களைக்கூட இது தயங்காமல் வாசிக்கிறது. சிடியில் தரவைக் கலைத்துப் பரப்பி, பிழைதிருத்தக் குறிகளோடு எழுதியிருப்பதால், சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் அழிந்தாலும் பிளேயரால் அதை முழுதாகக் கணக்கிட்டு மீட்க முடியும். ஆனால் அதற்கு லேசர் தடத்தை விடாமல் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பிடி இந்த செட்டில் அபாரம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ராகம் தானம் பல்லவி. ராகம் முடிந்து தானம் தொடங்கும் இடத்தில் சிடியில் டிராக் எண் மாறும், ஒலி மாறாது. தம்புரா அறாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதே கச்சேரியை என் பையன் எம்பி3-ஆக மாற்றி ஒரே வட்டில் எழுதிக் கொடுத்தான். டிராக்குக்கு டிராக் கண்ணிமைக்கும் நேரம் ஒலி நின்று போகிறது. எம்பி3-இல் ஒலி, 1152 மாதிரிகள் (ஒலியை அளந்த எண்கள்) கொண்ட சட்டங்களாக, அதாவது ஃப்ரேம்களாக, நறுக்கப்படுகிறது. கடைசிச் சட்டம் நிரம்பாவிட்டால் மிச்சத்தை மௌனத்தால் நிரப்பிவிடும். சினிமாப் பாட்டுக்கு அதனால் நஷ்டமில்லை. ஆலாபனையின் கடைசி ஸ்வரம் முடிந்து வயலின் எடுக்கும் இடத்தில் அந்த வெட்டு விழுந்தால் எனக்குப் பொறுக்காது. அதனால்தான் செல்போனும் புளூடூத் ஸ்பீக்கரும் இருக்கும் காலத்தில் இன்னும் சிடி பிளேயரைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நடுவில் ஒருமுறை டிரே திறக்காமல் அடம் பிடித்தது. உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தது. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் சொற்பக் காசுக்குப் புது பெல்ட் போட்டுத் தந்தார்கள். இத்தனை வருடத்துக்கு அது ஒரு குறையே இல்லை.

இப்போது ரேடியோவுக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் எஃப்எம் நிலையங்கள் 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கும். 88.1, 88.3, 88.5 என்று தொடங்கி 107.9 வரை, புள்ளிக்குப் பின்னால் எப்போதும் ஒற்றைப்படை எண்தான். அந்த ஊருக்கென்று செய்த செட்களில் பல, எங்கள் வீட்டுச் செட் உட்பட, அந்த எண்களில் மட்டுமே நிற்கும். பட்டனை அழுத்தினால் 101.3, அடுத்த அழுத்தலுக்கு 101.5. நடுவில் 101.4 என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

சென்னையில் 101.4 என்றால் ரெயின்போ. நாட்டிலேயே முதன்முதலில் எஃப்எம் ஒலிபரப்பு தொடங்கியது இந்த ஊரில்தான், 1977-இல். அப்படிப்பட்ட ஊரில் ஆல் இந்தியா ரேடியோவின் ரெயின்போ பிடிக்காத ஒரு எஃப்எம் ரேடியோ! அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4-ம் கிடையாது, ஹலோ எஃப்எம் 106.4-ம் கிடையாது. 93.5, 98.3, 102.3 எல்லாம் ஒற்றைப்படை என்பதால் கணீரென்று வரும். செட்டைக் கொண்டுவந்து கொடுப்பவர் அவற்றில் ஒன்றை வைத்துக் காட்டினால் ரேடியோ பிரமாதம் என்றுதான் யாருக்கும் தோன்றும். 101.3-இல் வைத்தால் பக்கத்து நிலையம் கேட்கத்தானே செய்யும் என்பார்கள். கேட்கும். பேச்சில் ஒவ்வொரு 'ச'வும் 'ஸ'வும் கிழிந்து, அடியில் இரைச்சலோடு கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு யாரும் உட்கார முடியாது.

மீடியம் வேவிலும் இதே கதை. அமெரிக்காவில் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, இங்கே 9. சென்னை முதல் அலைவரிசை 720 இரண்டு கணக்கிலும் அடங்குவதால் தப்பித்தது. விவித் பாரதியை 783-இல் கேட்டு வளர்ந்தவர்கள் அந்த எண்ணை 780-க்கும் 790-க்கும் நடுவில் தேட வேண்டியதுதான்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். இதற்கு வழியும் செட்டுக்குள்ளேயே இருக்கிறது. ரேடியோவில் வைத்து, செட்டை அணைத்து, ஸ்டாப் பட்டனை அழுத்திப் பிடித்தபடி பவரைத் தட்டினால் திரையில் 9 என்று, அதாவது நம் ஊர்க் கணக்கு என்று, வரும். அதன்பிறகு எஃப்எம் 0.05 படிகளில் நகரும், 101.4 அழகாக வந்து நிற்கும். எல்லா அமெரிக்க செட்டும் இப்படி இல்லை, 0.1 படியில் நகர்பவையும் உண்டு. சில மாடல்களில் பின்பக்கமே ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். ஸ்விட்ச் என்றால் ஒருமுறை தள்ளிவிட்டு மறந்துவிடலாம். எங்கள் செட்டில் இது மெமரியில் இருக்கும் சங்கதி. மின்சாரம் போனால், போயிற்று.

என் கோபமெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான். எங்கள் பகுதியில் பராமரிப்புப் பணி என்று அறிவித்தால் காலை 9 மணியிலிருந்து 2 மணி வரை மின்சாரம் இருக்காது. புதிதில் அந்த ஐந்து மணி நேரத்தைத் தாங்கியது. உள்ளே நாணயம் அளவில் ஒரு பேக்கப் கெப்பாசிட்டர் இருக்கிறது, அது மெமரியைக் காப்பாற்றும். வருடம் ஆக ஆக அது வலுவிழந்து, கடைசியில் அரைமணி நேரத்துக்கே கடிகாரம் 12:00 என்று கண் சிமிட்ட ஆரம்பித்தது. கடிகாரம் போனால் போகட்டும், பதிந்து வைத்த நிலையங்கள் போகட்டும். செட் மறுபடி அமெரிக்காவுக்குப் போய்விடுகிறது என்பதுதான் தாளவில்லை.

வீட்டில் ரேடியோ கேட்பது முக்கியமாக அம்மா. விடியற்காலை எழுந்து, சத்தம் குறைத்து, ஒன்றாம் எண்ணை அழுத்துவார். அவருக்குத் தெரிய வேண்டியது அந்த ஒரு பட்டன்தான். இரவில் கொஞ்ச நேரம் கரண்ட் போய் வந்திருந்தால் காலையில் அந்த எண்ணில் வெறும் இரைச்சல். என்னை எழுப்ப மனம் வராமல் அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். எண்பதை நெருங்கும் ஒருவர் அணைத்த செட்டில் ஸ்டாப்பை அழுத்திப் பிடித்துப் பவரைத் தட்டி, ரிமோட்டில் எறும்பு சைஸ் எழுத்தைப் படித்து நிலையங்களை மறுபடி பதிய வேண்டும் என்று வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்திருக்கிறார்களா? நாடு மாறும் செட்டிங்கை மின்சாரம் போனாலும் அழியாத மெமரியில் எழுதிவைக்க ஆகும் செலவு மிகச் சொற்பம். அதைச் செய்யவில்லை என்பதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மின்சாரம் இல்லாமல் கிடந்து, திரும்பி வந்ததும் செய்தி கேட்கலாம் என்று போட்டபோதும் இதே இரைச்சல்தான். அன்று உதவியது பேட்டரி போட்ட பழைய டிரான்சிஸ்டர். அதில் முள்ளைத் திருப்பினால் 101.4 வந்துவிடும், அதற்கு எந்த நாட்டுக் கணக்கும் கிடையாது.

தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டேன். அந்த மாடல் இந்தியாவில் விற்கப்படவில்லை, எனவே சேவை இல்லை என்று பதில் வந்தது. ரிச்சி ஸ்ட்ரீட் மெக்கானிக்கே கெப்பாசிட்டரைக் கழற்றி, 5.5 வோல்ட் 0.22 ஃபாரட் ஒன்று போட்டுத் தந்தார். இப்போது ஐந்து மணி நேர மின்தடையை மறுபடி தாங்குகிறது. ஒரு நாள் முழுக்கப் போனால் தாங்காது. இன்வெர்ட்டர் லைனில் போடலாமே என்பார்கள். போட்டுப் பார்த்தாயிற்று. எங்கள் வீட்டில் இருப்பது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். அது ஓடும்போது மீடியம் வேவில் உறுமலைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. எஃப்எம் ஒலிபரப்பில் இரைச்சலைக் குறைக்க உச்ச ஸ்தாயி ஒலிகளை ஏற்றி அனுப்புவார்கள், ரேடியோ அதே அளவு இறக்கிக் கொள்ள வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவை மைக்ரோசெகண்டில் சொல்வார்கள்: அமெரிக்கக் கணக்கு 75, நம்முடையது 50. அந்த ஊர் செட் இங்கே தேவைக்கு மேல் இறக்கிவிடுகிறது. 10 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபெல்லுக்குக் கொஞ்சம் அதிகமாகவே குறைகிறது. 9-க்கு மாற்றினாலும் என் செட்டில் இது மாறவில்லை என்றே காது சொல்கிறது. சிடியில் பளிச்சென்று விழும் மிருதங்கத்தின் சாப்பு, ரேடியோவில் துணி போர்த்தியது போல ஒலிக்கும். டிரெபிளை இரண்டு படி ஏற்றினால் ஓரளவு சரியாகும். பிறகு சிடி போடும்போது மறக்காமல் இறக்க வேண்டும், இல்லையென்றால் வயலின் காதைக் குத்தும்.

ஆண்டெனாவைப் பற்றி ஒரு வரி. கூட வரும் ஒற்றை வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒன்றரை மீட்டர் அகலமுள்ள டி வடிவ வயர் ஆண்டெனா வாங்கி ஜன்னலை ஒட்டி விரித்துக் கட்டுங்கள். எஃப்எம் ஆண்டெனாவுக்குத் தனித் துளை உள்ள எந்தச் செட்டுக்கும் இது பொருந்தும்.

ஆக, நண்பருக்கு என் பதில்: சிடி மட்டும் கேட்பதென்றால் மகளை இன்றே வாங்கச் சொல்லுங்கள். சிடி உலகமெங்கும் ஒன்றுதான், நொடிக்கு 44,100 மாதிரி, 16 பிட், எந்த ஊரில் செய்த பிளேயரும் எந்த ஊர் சிடியையும் பாடும். ரேடியோவும் வேண்டும் என்றால், அதிலும் வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள் என்றால், பாதி விலை என்ன, சும்மா கொடுத்தாலும் இந்த மாடல் வேண்டாம். இத்தனை புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறானே என்று நினைக்கலாம். நேற்று இரவும் எங்கள் தெருவில் மின்சாரம் போயிருந்தது, விடியும்வரை வரவில்லை.

இங்கேயே கடையில் வாங்குங்கள். வாங்கும்போது 101.4-ஐ வைத்து ஒன்றாம் எண்ணில் பதியச் சொல்லுங்கள். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுப் போய் ஒரு டீ குடித்து, பக்கத்துக் கடையில் வேறு வேலை இருந்தால் அதையும் முடித்துவிட்டு நிதானமாக வாருங்கள். பிளக்கைச் செருகி ஒன்றாம் எண்ணை அழுத்தச் சொல்லுங்கள். பேச்சு தெளிவாக வந்தால் பில் போடச் சொல்லலாம். கடைக்காரர் பிளக்கைப் பிடுங்கவே விடவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.